பி.ஏ. அரசியல் அறிவியல், பொது நிர்வாகம்: சேரும் முன் கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து கல்லூரி திறக்கும் வரை எங்கள் துறைக்கு வரும் பெற்றோரும் மாணவர்களும் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அரசுக் கல்லூரி ஒன்றில் இந்தப் பாடத்தை நடத்துகிறவன் என்ற முறையில் அவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டில் படிக்கப் போகிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது.

பொலிட்டிக்கல் சயின்ஸ் என்றால் கட்சியில் சேருவதற்கான படிப்பா?

இல்லை. கட்சியில் சேர எந்தப் பட்டமும் தேவையில்லை. அதிகாரம் யார் கையில் இருக்கிறது, அது அவர்கள் கைக்கு எப்படி வந்தது, அதற்கு எல்லை எது, எல்லை தாண்டினால் யாரிடம் போய் நிற்பது என்பதையெல்லாம் முறையாகப் படிப்பதுதான் அரசியல் அறிவியல். படித்தவர்களில் சிலர் பின்னாளில் கட்சி அரசியலுக்குப் போவதுண்டு. நல்லதுதான். ஆனால் வகுப்பறை அதற்கான பயிற்சிக் கூடம் கிடையாது.

அரசியல் அறிவியலும் பொது நிர்வாகமும் ஒன்றா, வேறா?

கூடப் பிறந்தவை, ஆனால் வேறு வேறு. சில கல்லூரிகளில் இரண்டும் தனித்தனிப் பட்டங்கள். சில இடங்களில் ஒரே துறைக்குள் இரண்டும் இருக்கும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் துறையின் பெயரிலேயே இரண்டும் சேர்ந்து நிற்கின்றன.

வித்தியாசத்தைப் புரியவைக்க நான் எப்போதும் எடுத்துக்கொள்வது பள்ளிச் சாப்பாட்டை. 1920-இல் நீதிக்கட்சிக் காலத்தில் பிட்டி தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்கு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டது. காமராசர் ஆட்சியில் 1956-இல் மதிய உணவு மாநிலம் முழுக்கப் பரவியது. 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். கருணாநிதி ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவும் வந்தது. பட்டினி கிடக்கும் பிள்ளைக்குச் சோறு போடுவது அரசின் வேலைதான் என்ற எண்ணம் இந்த மண்ணில் எப்படி வேரூன்றியது, ஆட்சி மாறியும் எந்தக் கட்சியும் ஏன் அதைக் கைவிடவில்லை, இது சலுகையா உரிமையா என்று கேட்டால் அது அரசியல் அறிவியல்.

அதே திட்டத்தில், அரிசி நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் கிடங்கிலிருந்து எந்த உத்தரவின்பேரில் பள்ளிக்கு வருகிறது, சத்துணவு அமைப்பாளரை நியமிப்பது யார், வருகைப் பதிவேட்டில் இருக்கும் எண்ணிக்கையும் தட்டு எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது யார், சமையலர் பணியிடம் காலியானால் அடுத்த நாள் என்ன நடக்கும் என்று கேட்டால் அது பொது நிர்வாகம். முதல் கேள்வியில் ஈர்ப்பு இருந்தால் அரசியல் அறிவியலை எடுங்கள். இரண்டாவதில் இருந்தால் பொது நிர்வாகம். எது கிடைத்தாலும் மற்றதை இரண்டு மூன்று தாள்களாவது படிக்கத்தான் போகிறீர்கள், அதனால் கவலை வேண்டாம்.

பிளஸ் டூவில் எந்தக் குரூப் எடுத்திருக்க வேண்டும்?

எந்தக் குரூப்பும் சரி. கணிதம், உயிரியல், வணிகவியல் படித்தவர்களும் தொழிற்பிரிவில் படித்தவர்களும் எங்கள் வகுப்பில் ஒன்றாகத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் ஆன்லைனில்தான். மதிப்பெண் தரவரிசையும் இட ஒதுக்கீடும் பார்த்துக் கலந்தாய்வில் இடம் தருவார்கள். முதல் சுற்றில் பெயர் வராவிட்டால் மனம் விட்டுவிடாதீர்கள். பொறியியல் கலந்தாய்வு தொடங்கியதும் இங்கே இடம் பிடித்தவர்களில் சிலர் கிளம்பிவிடுவார்கள், இடங்கள் காலியாகும். கல்லூரி அறிவிப்புப் பலகையையும் இணையதளத்தையும் பார்த்துக்கொண்டே இருங்கள்.

செலவு எவ்வளவு ஆகும்?

அரசுக் கல்லூரியில் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. சேரும்போதே வங்கிக் கணக்கையும் ஆதாரையும் சரியாக இணைத்துவிடுங்கள். பணம் தாமதமாவது பெரும்பாலும் அங்கேதான்.

மூன்று வருடத்தில் அப்படி என்னதான் படிக்க இருக்கிறது?

ஆறு பருவங்கள். முதல் இரண்டு ஆண்டுகள் தமிழும் ஆங்கிலமும் கூடவே வரும். முதன்மைப் பாடத்தில் முதலில் வருவது அரசியல் கோட்பாடு. அரசு, இறைமை, உரிமை, சமத்துவம், நீதி என்று நாம் தினமும் சொல்லும் சொற்களை அங்கே நிறுத்தி நிதானமாகப் பார்ப்போம். அப்புறம் பிளேட்டோ, அரிஸ்டாட்டில், மாக்கியவெல்லி, ஹாப்ஸ், லாக், ரூசோ, மார்க்ஸ் என்று மேலைநாட்டுச் சிந்தனை. இந்தியச் சிந்தனையில் கௌடில்யர், காந்தி, அம்பேத்கர், பெரியார். திருக்குறளின் பொருட்பாலை அரசியல் நூலாகப் படிக்கும் வாய்ப்பும் பல கல்லூரிகளில் உண்டு. 'இயற்றலும் ஈட்டலும் காத்தலும் காத்த வகுத்தலும் வல்லது அரசு' என்ற குறளைப் பட்ஜெட் உரையோடு சேர்த்துப் படிக்கச் சொல்வேன். வருவாய், சேமிப்பு, பாதுகாப்பு, பங்கீடு நான்கும் அதில் இருக்கின்றன.

இந்திய அரசமைப்பு, பன்னாட்டு உறவுகள், ஒப்பீட்டு அரசியல், தமிழ்நாட்டு அரசியல், உள்ளாட்சி ஆகியவை அடுத்தடுத்து வரும். உள்ளாட்சித் தாளில் உத்திரமேரூர்க் கல்வெட்டு நிச்சயம் உண்டு. முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் வெட்டப்பட்டது. குடவோலை முறையில் வாரிய உறுப்பினர் ஆவதற்கு என்ன தகுதி, கணக்குக் காட்டாதவரை எப்படி விலக்கி வைப்பது என்று கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். பெருமைப்படலாம். அதோடு, அந்தச் சபையில் நிலமில்லாதவருக்கும் பெண்ணுக்கும் இடமிருந்ததா என்றும் கேட்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் அது பாடமாகிறது.

பொது நிர்வாகத்தில் 1887-இல் உட்ரோ வில்சன் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்குவார்கள். மாக்ஸ் வெபரின் அதிகார வர்க்கக் கோட்பாடு, ஃபயோலின் 14 நெறிகள், தொழிற்சாலைப் பணியாளர்களை வைத்து நடந்த ஹாதார்ன் ஆய்வுகள், ஹெர்பர்ட் சைமனின் முடிவெடுத்தல் கோட்பாடு, அப்புறம் பணியாளர் நிர்வாகம், நிதி நிர்வாகம், மாவட்ட நிர்வாகம். மாவட்ட நிர்வாகம் நடத்தும்போது வகுப்பே விழித்துக்கொள்ளும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர், கோட்டாட்சியர் என்ற வரிசையை ஏதாவது ஒரு சான்றிதழுக்காக எல்லாரும் ஒரு முறையாவது நடந்து பார்த்திருப்பார்கள்.

எல்லாம் மனப்பாடம்தானே? எதற்குக் கல்லூரிக்குப் போய்ப் படிக்க வேண்டும், கைடு போதாதா?

பாஸ் ஆவதற்குக் கைடு போதும். ஆனால் மூன்று வருடம் கழித்து ஒரு தாளைக் கையில் கொடுத்து "இதைப் படித்துச் சொல்" என்றால் திணறுவீர்கள். இந்தப் படிப்பைப் பற்றி நான் சொல்ல விரும்புவது முக்கியமாக இதுதான்: நம்மை ஆளும் தாள்களை நேராகக் கையில் எடுத்துப் படிக்கப் பழகினால் இது வாழ்நாள் முழுக்கப் பயன்படும் படிப்பு.

ஒரு தீர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை மாகாணத்தில் மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்களை வகுப்புவாரி அரசாணைப்படி பிரித்தார்கள். ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஆதிதிராவிடர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறித்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்றது. இங்கே பெரும் கிளர்ச்சி எழுந்தது, பெரியார் முன்னின்றார். அதே ஆண்டு ஜூனிலேயே அரசமைப்பின் முதல் திருத்தம் நிறைவேறி, பிற்படுத்தப்பட்டோருக்கும் பட்டியல் இனத்தவருக்கும் அரசு சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்ற 15(4) பிரிவு சேர்ந்தது. கைடில் இது "முதல் திருத்தம், 1951" என்ற ஒற்றை வரி. தீர்ப்பைப் படித்தால் அடிப்படை உரிமைக்கும் அரசின் வழிகாட்டு நெறிக்கும் மோதல் வந்தால் எது மேல் என்ற கேள்வி தெரியும். தெருவில் நின்ற மக்கள் சட்டத்தை எப்படி மாற்றினார்கள் என்பது தெரியும். உங்கள் வகுப்பில் உங்களுக்குக் கிடைத்த இடத்துக்கும் அந்த வழக்குக்கும் என்ன தொடர்பு என்பதும் புரியும்.

இன்னொன்று அரசாணை. தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் எத்தனையோ கிடைக்கின்றன. ஒன்றை அச்செடுத்து வகுப்பில் எல்லாரும் சேர்ந்து படிப்போம். மேலே சுருக்கம். கீழே துறையின் பெயர், அரசாணை எண், நாள், திருவள்ளுவர் ஆண்டு. அதற்கும் கீழே 'படிக்கப்பட்டது' என்று சில கடிதங்களின் எண்களும் தேதிகளும். மாணவர்கள் தாண்டிப் போகும் இடம் இதுதான். ஆனால் யார் கேட்டு, எந்த அலுவலகம் பரிந்துரைத்து, எத்தனை மாதம் கழித்து இந்த ஆணை வந்தது என்ற கதை முழுவதும் அங்கேதான் இருக்கிறது. பிறகு 'ஆணை' என்ற தலைப்பில் எண்ணிட்ட பத்திகள். செலவு உள்ள ஆணை என்றால் கடைசிப் பத்தியில் நிதித் துறையின் இசைவோடு வெளியிடப்படுவதாக ஒரு வரி வரும். அறிவிப்புகள் எங்கே நிற்கின்றன, எங்கே நகர்கின்றன என்று அந்த வரி காட்டிக் கொடுத்துவிடும். முடிவில் 'ஆளுநரின் ஆணைப்படி' என்று போட்டுச் செயலாளரின் பெயர் இருக்கும். முடிவெடுத்தது அமைச்சரவை, பெயர் ஆளுநருடையது, கையெழுத்து அதிகாரியுடையது. ஏன் அப்படி என்றால் அரசமைப்பின் 166-ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும். கடைசியில் 'பெறுநர்' பட்டியல். ஆணையை நிறைவேற்ற வேண்டியவர்கள் யார் யார் என்பது அதில் தெரியும். இரண்டே பக்கத் தாளில் வெபரும் இருக்கிறார், கூட்டாட்சியும் இருக்கிறது, நிதி நிர்வாகமும் இருக்கிறது. இதை ஒரு முறை உட்கார்ந்து படித்த பிள்ளைக்கு மனப்பாடம் செய்ய வேண்டிய சுமை பாதியாகிவிடும்.

தமிழ்வழியா, ஆங்கிலவழியா?

வீட்டில் யாரும் கல்லூரி வாசல் மிதிக்காத குடும்பம் என்றால், புரிந்து படிக்கத் தமிழ்வழியே நல்லது. புரியாத ஆங்கிலத்தில் எழுதுவதைவிடப் புரிந்த தமிழில் எழுதுவது எத்தனையோ மேல். அரசுப் பணியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. 2010-இல் வந்த சட்டம். 2020 திருத்தத்துக்குப் பிறகு பட்டப்படிப்பை மட்டும் தமிழில் படித்தால் போதாது, பள்ளியிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் சான்றிதழ் கேட்பார்கள், இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பன்னாட்டு உறவுகள், ஒப்பீட்டு அரசியல் போன்ற தாள்களுக்குப் புதிய நூல்கள் தமிழில் மிகக் குறைவு. இது மாணவரின் குறை அல்ல, எங்களைப் போன்ற ஆசிரியர்களும் பல்கலைக்கழகங்களும் செய்யாமல் விட்ட வேலை. அதனால் தமிழ்வழி மாணவர்கள் தினமும் ஒரு பக்கமாவது ஆங்கிலத்தில் படித்துப் பழகுங்கள். எழுதுவது தமிழில் இருக்கட்டும், படிப்பது இரண்டிலும் இருக்கட்டும்.

ஐ.ஏ.எஸ். ஆக இதைத்தான் படிக்க வேண்டுமா?

கட்டாயம் இல்லை. எந்தப் பட்டம் இருந்தாலும் குடிமைப் பணித் தேர்வு எழுதலாம். பொறியியல் படித்தவர்களும் மருத்துவம் படித்தவர்களும் ஏராளமாக எழுதுகிறார்கள். இந்தப் படிப்பினால் கிடைக்கும் நன்மை வேறு. முதன்மைத் தேர்வில் விருப்பப் பாடத்துக்கு 250 வீதம் இரண்டு தாள், மொத்தம் 500 மதிப்பெண். 'அரசியல் அறிவியலும் பன்னாட்டு உறவுகளும்' ஒரு விருப்பப் பாடம், 'பொது நிர்வாகம்' இன்னொன்று. பொது அறிவுத் தாள்களில் அரசமைப்பும் ஆளுகையும் பெரும்பகுதி. மூன்று வருடம் ஒழுங்காகப் படித்தவருக்கு அடித்தளம் தயார். தேர்வைத் தமிழிலும் எழுதலாம்.

ஆனால் "பையனை ஐ.ஏ.எஸ். ஆக்கத்தான் சேர்க்கிறோம்" என்று சொல்லும் பெற்றோரிடம் நான் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். லட்சக்கணக்கானோர் எழுதி சுமார் ஆயிரம் பேர் மட்டும் தேர்வாகும் பரீட்சை அது. அந்த ஒரே முடிவை வைத்து மூன்று வருடப் படிப்பை எடை போடாதீர்கள். அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு வரும் பிள்ளைகள் முதல் முயற்சியில் தேறாவிட்டால் தங்களையே வீணானவர்களாக நினைத்துக்கொள்கிறார்கள். அதைப் பார்க்க மிகவும் வேதனையாக இருக்கும். உண்மையில் விருப்பமும் உழைப்பும் இருப்பவர்களுக்கு உதவி உண்டு: நான் முதல்வன் திட்டத்தில் நுழைவுத் தேர்வு மூலம் தேர்வாகும் 1,000 பேருக்கு யு.பி.எஸ்.சி. தயாரிப்புக்காக மாதம் 7,500 ரூபாய் ஊக்கத்தொகை தரும் ஏற்பாடு 2023-இல் தொடங்கியது.

டி.என்.பி.எஸ்.சி.க்கு?

நேரடிப் பயன் உண்டு. இந்திய ஆட்சியியலும் தமிழ்நாட்டின் வளர்ச்சி நிர்வாகமும் பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன. ஆனால் கணக்கும் திறனறிவும் தனியாகப் பயிற்சி செய்தாக வேண்டும், அதில் எங்கள் துறை உதவாது. குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்புத் தகுதியே போதும், படிக்கும்போதே எழுதலாம். குரூப் 2, குரூப் 1 பட்டம் முடித்த பிறகு.

போட்டித் தேர்வே வேண்டாம் என்றால் வேறு என்ன வேலை?

சட்டம் முதலில் சொல்ல வேண்டியது. பட்டத்துக்குப் பிறகு மூன்றாண்டு எல்.எல்.பி. சேரலாம். அரசமைப்பை ஏற்கெனவே படித்தவர்களுக்கு முதல் வருடம் இலகுவாக இருக்கும். இதழியல் இன்னொரு நல்ல வழி. சட்டமன்ற நடவடிக்கையையும் மசோதா எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதையும் தவறில்லாமல் எழுதத் தெரிந்தவர்கள் செய்தித்துறைக்கு எப்போதும் தேவை. தொண்டு நிறுவனங்கள், ஆய்வு நிறுவனங்கள், தேர்தல் கருத்துக்கணிப்பு நிறுவனங்களும் ஆள் எடுக்கின்றன. அங்கே புள்ளிவிவரத்தைக் கையாளத் தெரிந்தால் மதிப்பு கூடும்.

ஆசிரியர் வேலைக்கு எம்.ஏ.யும் பி.எட்.டும் முடித்து ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வு எழுதினால் மேல்நிலைப் பள்ளியில் அரசியல் அறிவியல் முதுகலை ஆசிரியர் ஆகலாம். இடங்கள் குறைவு என்பதையும் தெரிந்துகொண்டே இறங்குங்கள். கல்லூரி ஆசிரியர் ஆக எம்.ஏ.வுக்குப் பின் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியோ முனைவர் பட்டமோ வேண்டும்.

தனியார் நிறுவன வேலை கிடைக்குமா என்றால், கிடைக்கும். ஆனால் பட்டத்தின் பெயரைப் பார்த்துக் கொடுக்க மாட்டார்கள். நன்றாக எழுதவும் பேசவும் எக்செல் போடவும் தெரிகிறதா என்று பார்த்துத்தான் கொடுப்பார்கள். அதை நீங்களாகவே கற்றுக்கொள்ள வேண்டும்.

பெண் பிள்ளைக்கு ஏற்ற படிப்பா?

இந்தக் கேள்வியை இன்னும் கேட்கிறார்கள். ஏற்ற படிப்புதான், ஆண் பிள்ளைக்கு எவ்வளவு ஏற்றதோ அவ்வளவு. தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் 50 விழுக்காடு பெண்களுக்கு. 2016-இல் வந்த சட்டத் திருத்தம் அது. அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவரின் நாற்காலியில் கணவர் உட்கார்ந்து கையெழுத்துக்கு மட்டும் அவரைக் கூப்பிடும் ஊர்கள் இன்றும் இருக்கின்றன. ஊராட்சிகள் சட்டம் 1994 என்ன சொல்கிறது, தலைவரின் அதிகாரம் எது, காசோலையில் யார் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று படித்த ஒரு பெண் அந்த ஊரில் இருந்தால் நிலைமை மாறும். உங்கள் மகள் அந்தப் பெண்ணாக இருக்கலாம்.

புத்தகத்தைத் தாண்டிச் செய்ய என்ன இருக்கிறது?

கிராமசபைக்குப் போங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நான்கும் பழைய நாட்கள். 2022-இல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் சேர்ந்தன. பெரும்பாலான நாட்கள் விடுமுறையாக இருப்பதால் வகுப்பும் தவறாது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் பேசவும் உங்களுக்கு உரிமை உண்டு. முதல் முறை பேச வேண்டாம், கவனியுங்கள். வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படுகிறதா, தீர்மானம் பதிவேட்டில் எழுதிய பிறகு கையெழுத்து வாங்குகிறார்களா, வெற்றுத் தாளில் முன்னதாகவே வாங்குகிறார்களா, பெண்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், முதலில் பேசுபவர் யார், யார் பேசினால் கூட்டம் அமைதியாகிறது. இதைக் குறித்துக்கொண்டு வரும் மாணவரின் ஐந்து பக்கம், நகலெடுத்த ஐம்பது பக்கத் திட்டக் கட்டுரையைவிட எனக்கு மதிப்புள்ளது.

உள்ளாட்சித் தேர்தல் நடக்காத காலத்தில் என்ன ஆகிறது என்பதையும் பாருங்கள். 2016-இல் நடக்க வேண்டிய தேர்தல் தள்ளிப்போய் ஊரகத்தில் பெரும்பாலான மாவட்டங்களில் 2019 டிசம்பரில்தான் நடந்தது, நகர்ப்புறத்தில் 2022 பிப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் தனி அலுவலர்கள் நடத்தினார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத ஊரில் தெருவிளக்குக்கு யாரிடம் போய்ச் சொன்னார்கள் என்று உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். நல்ல ஆய்வுத் தலைப்பு அது.

அப்புறம் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு. 30 நாளில் பதில் தர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. "ஏன் சாலை போடவில்லை?" என்று கேட்டால் பதில் வராது. "இந்தச் சாலைக்கு இந்த நிதியாண்டில் ஒதுக்கிய தொகை, செலவிட்ட தொகை, பணி ஆணையின் நகல்" என்று கேட்க வேண்டும். கேள்வியை அப்படிக் கூர்மையாக்கக் கற்றுக்கொண்டவருக்குத் தேர்வில் பதில் எழுதவும் தானாக வரும்.

வகுப்பில் கட்சி பற்றிப் பேசலாமா?

தாராளமாக. ஆதாரத்தோடு பேச வேண்டும், எதிர்க்கருத்துக்காரரைப் பேசவிட வேண்டும், சாதியையோ மதத்தையோ இழுத்து யாரையும் புண்படுத்தக் கூடாது. இவ்வளவுதான்.

தொலைதூரக் கல்வியில் படிக்கலாமா?

வேலைக்குப் போகிறவர்களுக்கும் பாதியில் படிப்பை விட்டவர்களுக்கும் நல்ல வழி. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) இரண்டிலும் இந்தப் பாடங்கள் உண்டு. இக்னோவின் பாடநூல்களை எங்கள் நேரடி வகுப்பு மாணவர்களும் தேடிப் படிக்கிறார்கள், அந்த அளவுக்கு நன்றாக இருக்கும். நேரில் படிக்க வாய்ப்பிருந்தால் மட்டும் அதை விடாதீர்கள். விவாதம் செய்து கற்க வேண்டிய பாடம் இது.

எம்.ஏ. எங்கே படிக்கலாம்?

மாநிலத்துக்குள் சென்னைப் பல்கலைக்கழகம், மதுரை காமராசர் பல்கலைக்கழகம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம், மாநிலக் கல்லூரி, தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரி. ஊராட்சி, ஊரக வளர்ச்சியில் நாட்டம் இருந்தால் திண்டுக்கல் அருகே காந்திகிராமப் பல்கலைக்கழகம். பக்கத்தில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம். கொஞ்சம் தூரம் போகத் துணிந்தால் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம், தில்லியில் ஜே.என்.யு. எனப்படும் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குப் பொது நுழைவுத் தேர்வு உண்டு, இறுதியாண்டு தொடக்கத்திலேயே அறிவிப்பைக் கவனிக்கத் தொடங்குங்கள். நம் பிள்ளைகள் திறமை இல்லாமல் இதைத் தவறவிடுவதில்லை, தேதி தெரியாமல்தான் தவறவிடுகிறார்கள்.

கல்லூரி திறக்கும் வரை எதைப் படிக்கலாம்?

பிளஸ் ஒன், பிளஸ் டூ அரசியல் அறிவியல் பாடநூல்களைப் பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பிளஸ் ஒன் புத்தகத்தை முதலில் முடியுங்கள். அப்புறம் அரசமைப்பின் முகப்புரை, அடிப்படை உரிமைகள் உள்ள மூன்றாம் பகுதி, அரசின் வழிகாட்டு நெறிகள் உள்ள நான்காம் பகுதி. தமிழிலேயே இருக்கிறது. அதற்கும் நேரம் இருந்தால் 1949 நவம்பர் 25 அன்று அரசமைப்பு அவையில் அம்பேத்கர் ஆற்றிய உரையைப் படியுங்கள். அரசியலில் சமத்துவமும் சமூக, பொருளாதார வாழ்வில் ஏற்றத்தாழ்வும் கொண்ட முரண்பாடான வாழ்க்கைக்குள் நுழையப் போகிறோம் என்று அதில் எச்சரித்தார். புரியாத இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். முதல் வாரம் வகுப்புக்கு வரும்போது அந்தக் கேள்விகளோடு வாருங்கள்.